கையில் கொடுத்த கத்தி

அம்பத்தூரில் எனக்குப் பதினோரு லேத்து ஓடுகிறது. பள்ளிக்கூடத்துக்கே போகாதவன் நான்; எழுதப் படிக்கப் பழகியதே நாற்பது வயசுக்கு மேல்தான். டிப்ளமா படித்தவர்கள் ஆறு பேர் இன்று என்னிடம் வேலை செய்கிறார்கள். ஒரு இரும்புத் துண்டைக் கையில் வாங்கி எடை பார்த்தே அது எந்த ரகம் என்று சொல்லிவிடுவேன். இதையெல்லாம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று சிரிக்காதீர்கள். எனக்கு அப்பன் சொத்து என்று ஒரு சாண் நிலம் கிடையாது. இருந்தது வாய் ஒன்றுதான். அந்த வாய் செய்த ஒரு காரியத்தைத்தான் இப்போது எழுதுகிறேன்.

என் பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் ஒரு மடக்குக் கத்தி இருக்கிறது. மான்கொம்புப் பிடி, உள்ளே பித்தளைத் தகடு, இரண்டு அலகு. பெரிய அலகு என் நடுவிரல் நீளம். வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் நகத்தை வைத்து இழுத்தால் பாதியில் ஒரு முறை நின்று, அப்புறம் ‘டக்’ என்று விழும். அந்த டக்கைக் கேட்பதற்காகவே ஒரு நாளைக்கு நூறு தடவை திறந்து மூடியிருக்கிறேன். மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் விற்கிறவனிடம் ஒரு பகல் முழுக்கப் பேரம் பேசி வாங்கியது. அலகின் அடியில் என்னவோ இங்கிலீஷ் எழுத்து வெட்டியிருக்கும். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அது சீமைக்கத்தி என்று ஊருக்கே சொல்லிவிட்டேன்.

அந்தக் காலத்தில் ஆவடியில் கத்திப் பைத்தியங்கள் நாங்கள் நாலு பேர். தப்பாக நினைக்க வேண்டாம், யாரையும் குத்துகிற ஆட்கள் இல்லை. சிலர் புறா வளர்ப்பார்கள், சிலர் சேவல் வளர்ப்பார்கள், எங்களுக்குக் கத்தி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டேஷனுக்கு வெளியே ஜட்கா நிற்கிற இடத்தில், குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிற கல்தொட்டிக்குப் பக்கத்தில் கூடுவோம். ஒரு ரயில் போய் அடுத்த ரயில் வருகிற வரைக்கும் எங்கள் ராஜ்ஜியம்.

ஜட்கா ஓட்டுகிறவர்தான் எங்களில் பெரியவர். எல்லாருக்கும் அவர் அண்ணாத்தே. குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை எடுக்கக் கொக்கி வைத்த கத்தி அவருடையது. அகலமான பச்சை பெல்ட்டில் சொருகியிருப்பார். இரண்டாவது ஆள் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன், என் வயசுக்காரன், வாய்த்துடுக்கு. அவன் கத்தி சின்னது, பித்தளைச் சங்கிலியில் கோத்து நீலச்சட்டைப் பையில் போட்டிருப்பான். மூன்றாவது நான். நாலாவது, பூந்தமல்லியிலிருந்து நடந்து வருகிற ஒரு சேணம் தைக்கிறவர்.

அவருடைய கத்தி பார்வைக்கு ஒன்றுமே இல்லை. பிடியின் ஒரு பக்கம் உடைந்து, அந்த இடத்தில் எருமைத் தோலைப் பதிந்து தைத்திருப்பார். அரைஞாண் கயிற்றில் தொங்கும். ஆனால் அதன் பதத்துக்கு எங்கள் மூன்று பேர் கத்தியும் கிட்டே நிற்காது. எங்கள் போட்டி என்னவென்றால், கொய்யாப்பழத்தை வில்லை போட்டு உள்ளங்கையில் வைக்க வேண்டும். வில்லை வழியாகக் கைரேகை தெரிய வேண்டும். யாருடைய வில்லையில் ரேகை தெளிவோ, அவருக்கு மீதிப் பழம், உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு. முக்கால்வாசி ஞாயிற்றுக்கிழமை பழம் அவருக்குத்தான். சத்தமில்லாமல் தின்பார்.

அவரை அப்போது நான் ‘அவன்’ என்றுதான் சொல்வேன், ‘ஏம்பா’ என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவர். இப்போது ‘அவர்’ என்று எழுதுவதை அவர் பார்க்கப் போவதில்லை.

எங்களிடம் இரண்டு கட்டுப்பாடு உண்டு. அண்ணாத்தே வைத்தது. ஒன்று, வாங்கின கத்தியை வாங்கினதைவிடக் கூர்மையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும் உறவு அறுந்துபோகும். அதனால் அண்ணாத்தே தன் துண்டைத் தொட்டிமேல் விரிப்பார். காட்டுகிறவன் துண்டில் வைப்பான், பார்க்கிறவன் துண்டிலிருந்து எடுப்பான். இதில் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கும் பாயிண்ட்ஸ்மேனுக்கும் பேச்சு மும்முரத்தில் பல தடவை கைமாறிவிடும். “டேய் டேய்” என்று அண்ணாத்தே கத்துவார், நாங்கள் சிரித்துக்கொண்டே தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். தோல் வேலை செய்கிறவரிடம் மட்டும் ஒரு தடவைகூட அந்த மறதி எங்களில் யாருக்கும் வந்ததில்லை. துண்டு எவ்வளவு வசதியாக இருந்தது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. ஒருவேளை அவர் யோசித்திருப்பார்.

இரண்டாம் உலகச் சண்டை வந்தது. சேக்காட்டுக்கு அப்பால் பொட்டல்வெளியில் பட்டாளத்துக்கு ஒரு கிடங்கு போட்டார்கள்; சண்டை முடிந்ததும் தகரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள், இன்று அந்த இடத்தைக் காட்டச் சொன்னால் எனக்கே தெரியாது. அதில் நான் பெட்டி தூக்குகிற கூலியாகச் சேர்ந்தேன். ஆறே மாதத்தில் மேஸ்திரி. நாற்பது பேர் எனக்குக் கீழே. அப்போது எழுதத் தெரியாது, ஆனால் நாற்பது பேரும் யார் வந்தான் யார் வரவில்லை என்பது மனசிலேயே இருக்கும். கிடங்கில் கணக்கெழுதுகிற ரைட்டர் என்னிடம் கேட்டுத்தான் நோட்டில் எழுதுவார். இது பொய்யில்லை.

அப்போது பர்மா அரிசி நின்றுபோன காலம். கடையில் காசு இருந்தாலும் அரிசி கிடைக்காது. கிடங்கில் வேலை பார்ப்பவனுக்கு வாராவாரம் அரிசி அளந்தார்கள். அதற்காகவே ஜனங்கள் கேட்டில் தவம் கிடந்தார்கள். சேணக்காரருக்கு மூன்று குழந்தைகள், மனைவி நாலாவதைச் சுமந்துகொண்டிருந்தாள். குதிரைவண்டி வைத்திருந்தவர்களே தவிட்டுக்கும் கொள்ளுக்கும் அல்லாடும்போது சேணம் தைக்கக் கொடுப்பவன் யார்? ஒரு ஞாயிறு கொய்யா வில்லையில் அவர் ஜெயித்தபோது, தின்னாமல் பழத்தைத் துண்டில் முடிந்துகொண்டார். அதைப் பார்த்துவிட்டு, கிடங்கில் கூடாரமும் தோல்வாரும் தைக்கிற ஷெட்டுக்கு ஆள் வேண்டும் என்று தெரிந்ததும் நான்தான் ரைட்டரிடம் சொல்லி அவரைச் சேர்த்துவிட்டேன். அதை நான் செய்தேன். அதற்கப்புறம் நாலு மாதம், பார்க்கிறவர்களிடமெல்லாம் செய்தேன் செய்தேன் என்று சொன்னேன். அவர் காதுபடவும் சொன்னேன்.

கிடங்குக்குள் கத்தி கொண்டுபோகக் கூடாது. பீடி, தீப்பெட்டி, கத்தி மூன்றும் கேட்டில் நிற்கும். என் கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போவது எனக்கு ஒரு கை இல்லாத மாதிரி. தைக்கிற ஷெட்காரர்களுக்கு மட்டும் தொழில் சாமான் சீட்டு உண்டு. தோல் வெட்டுகிற அகலக் கத்தி ஒன்று, குத்தூசி இரண்டு, சாணைக்கல் ஒன்று, கத்தரி ஒன்று என்று எழுதி முத்திரை வைத்திருக்கும். அந்தச் சீட்டில் இருப்பது மட்டும்தான் பையில் இருக்கலாம்.

இனி என் வாய். கிடங்குத் துரை ஒருவர், ஒரு நாள் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து மடக்குக் கத்தியால் ஆரஞ்சு உரித்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். மான்கொம்புப் பிடி மாதிரி இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை தொட்டியடியில் அது வேறு மாதிரி ஆகிவிட்டது.

“என் கத்தியும் துரை கத்தியும் ஒரே பட்டறையில பொறந்தது அண்ணாத்தே. ரெண்டு பேரும் அதப் பத்திதான் பேசிகினு இருந்தோம்” என்றேன்.

பாயிண்ட்ஸ்மேன் வாயைப் பொத்திக்கொண்டான். “இன்னா பாஷைல பேசினே மச்சான்?”

“கத்திக்கு இன்னாடா பாஷை?”

“துரை துரைன்றியே, துரைக்கு உன் மூஞ்சி தெரியுமா? ‘ஜல்தி’ன்றத தவிர அந்தாளு உன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிக்கீறானா?”

அது உண்மை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. “வர்ற வாரம் இந்தக் கத்தியாலயே துரைய ஆரஞ்சு உரிக்க வெக்கறேன். அப்புறம் பேசு.”

“உரிக்க வெச்சிட்டேன்னா என் கத்திய சங்கிலியோட உன் காலடில வெக்கறேன். வெக்கலேன்னா வாய மூடிகினு கொய்யா தின்னு.”

அண்ணாத்தே சிரித்தார். சேணக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து என் கத்தியைத் துண்டிலிருந்து எடுத்து, வெயிலில் பிடித்து அலகைப் பார்த்து, “நல்ல இரும்பு மேஸ்திரி. தீட்டத்தான் ஆளில்ல” என்றார். எனக்கு அதுவும் உறைத்தது.

செவ்வாய்க்கிழமை காலை, கிடங்குக்குப் போகிற பாதையில் அவரை நிறுத்தினேன். கத்தியை எடுத்து அவர் சாக்குப்பையின் வாயில் போட்டேன். கையில் கொடுக்கவில்லை, போட்டேன்.

அவர் பைக்குள் எட்டிப் பார்த்தார். “மேஸ்திரி, சீட்டுல இது இல்ல.”

“யாரு பாக்கப் போறான்? தெனம் உன் பைய தொறந்தா பாக்கறானுங்க?”

“பாத்துட்டா?”

“பாத்தா நான் கீறேன் இல்ல? உன்ன உள்ள இட்டாந்தவனே நான்தான? ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிது. இன்னாத்துக்கு இப்படி நடுங்கறே?”

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். “ஊட்ல இப்பதான் ரெண்டு வேள சோறு ஆவுது மேஸ்திரி” என்றார். கெஞ்சலாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒரு சேதியைத் தெரிவிப்பது போலச் சொன்னார். “வேணாம்” என்று அவர் சொல்லவில்லை. என்னிடம் அப்படிச் சொல்ல முடியாதபடி நாலு மாதமாக நான்தான் அவரைச் செய்து வைத்திருந்தேனே.

அன்றைக்குக் கேட்டில் புது சிப்பாய். ஒவ்வொரு பையையும் மேசைமேல் கவிழ்த்தான். வரிசையில் அவருக்குப் பின்னால் இரண்டு பேர் தள்ளி நான் நின்றேன். என் ஆட்கள் நாற்பது பேரும் எனக்குப் பின்னால். சாமான்கள் மேசையில் விழுந்தன. அகலக் கத்தி, குத்தூசிகள், கல், கத்தரி. கடைசியில் மான்கொம்பு உருண்டு வந்து ஓரத்தில் நின்றது. சிப்பாய் அதைத் திறந்தான். டக்.

ரைட்டர் சீட்டைப் படித்தார். “இது எழுதலையே. யாருது?”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். வேறு யாரையும் பார்க்காமல் நேரே என்னைத்தான். அந்தப் பார்வையில் பயம் இருந்திருந்தால்கூட எனக்கு இன்று கொஞ்சம் சுலபமாக இருக்கும். அதில் பயம் இல்லை. மேஸ்திரி சொல்லிவிடுவார், இதோ வாயைத் திறக்கப் போகிறார் என்று காத்திருக்கிற பார்வை. நான் சட்டையில் மாட்டியிருந்த மேஸ்திரி பித்தளை வில்லையைக் கையில் எடுத்து அதில் அடித்திருந்த நம்பரைப் பார்த்தேன். அப்போது எனக்குப் படிக்கத் தெரிந்ததே நம்பர் ஒன்றுதான். அதைப் படித்துக்கொண்டே இருந்தேன்.

“உன்னத்தான்யா கேக்கறேன், யாருது?”

“என்னுது சார்” என்றார் அவர்.

சீட்டைக் கிழித்தார்கள். ரைட்டர் என்னைப் பார்த்து, “நீ இட்டாந்த ஆளு ஆச்சே?” என்றார். நான் அப்போதாவது பேசியிருக்கலாம். ரைட்டருக்கு என்மேல் நம்பிக்கை இருந்தது. எனக்கு ஒரு வாரக் கூலி போயிருக்கும், மேஸ்திரி பட்டம் போயிருக்கும், மீண்டும் பெட்டி தூக்கியிருப்பேன். தூக்கத் தெரியாதவனா நான்? “நல்லவன்னு நெனச்சேன் சார்” என்று சொன்னேன். பின்னால் நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரைட்டர் எல்லாவற்றையும் சாக்கில் வாரிப் போட்டு, “இத்த எடுத்துகினு போயிடு. பட்டாளத்து ஆபீசர் கையில மாட்டினா ஜெயிலு” என்றார். என் கத்தியும் அந்தச் சாக்கோடு போயிற்று.

அன்று மாலை பூந்தமல்லிக்குப் போக வேண்டும் என்று நினைத்தேன். புதன்கிழமையும் நினைத்தேன். சனிக்கிழமை எனக்கு அரிசி அளந்தபோது, பாதியைக் கட்டிக்கொண்டு போய் அவர் வாசலில் வைத்துவிடலாம் என்று ஒரு தனி மூட்டைகூடப் போட்டேன். அப்புறம் அது வீட்டுப் பானைக்குள் போய்விட்டது. போனால் அவர் மனைவி முகத்தைப் பார்க்க வேண்டும். நாளைக்கு ரைட்டர் கோபம் ஆறட்டும், நானே மறுபடி சேர்த்துவிடுகிறேன், அப்போது நல்ல சேதியோடு போகிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ரைட்டரிடம் அந்தப் பேச்சை நான் எடுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் பாயிண்ட்ஸ்மேன் ஜெயித்துவிடுவான் என்று போனேன். எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் காரணம் அதுதான்.

“இன்னா மச்சான், துரை ஆரஞ்சு உரிச்சாரா?” என்று தூரத்திலேயே ஆரம்பித்துவிட்டான்.

“உரிச்சாரு.”

“எங்க கத்தி?”

வாய் தானாக ஒரு பதிலைத் தயார் செய்தது. “துரைக்கு ரொம்பப் புடிச்சிப் போச்சி. ரெண்டு நாள் வெச்சிப் பாத்துட்டுத் தரேன்னாரு. ‘குட் நைஃப்’னாரு. என் தோள்ல தட்டினாரு.”

அண்ணாத்தே வாயைப் பிளந்தார். பாயிண்ட்ஸ்மேன் நம்பவும் முடியாமல் நம்பாமல் இருக்கவும் முடியாமல் சங்கிலியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். நான் இன்னும் சேர்த்தேன். துரை எந்தக் கையால் உரித்தார், தோல் எப்படி ஒரே சுருளாக விழுந்தது என்றெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்த மாதிரி இருந்தது.

அப்போது அவர் வந்தார். பூந்தமல்லிப் பாதையில் புழுதியோடு. தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று துண்டால் முகத்தைத் துடைத்தார். ஐந்து நாளில் கன்னம் ஒட்டியிருந்தது.

அண்ணாத்தேவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “வா நைனா, வா. சேதி கேட்டியா? நம்ம மேஸ்திரி கத்திய துரையே வெச்சிகினு கீறாராம். நீயும் அங்கதான கீறே, பாத்தியா?”

நான் தொட்டித் தண்ணீரைப் பார்த்தேன். குதிரை வாய் வைத்து எடுத்த இடத்தில் வைக்கோல் துரும்பு சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது சொல்லப் போகிறார். சொல்லட்டும், சொன்னால் ஒரேயடியாக முடிந்துவிடும் என்றும் ஒரு பக்கம் இருந்தது. ஆனால் உடம்பெல்லாம் சொல்லிவிடாதே சொல்லிவிடாதே என்று அடித்துக்கொண்டது.

அவர் அண்ணாத்தே முகத்தைப் பார்த்தார், பாயிண்ட்ஸ்மேன் முகத்தைப் பார்த்தார். பிறகு, “பாத்தேன் அண்ணாத்தே. துரை என்கிட்டதான் குட்த்தனுப்பினாரு. மேஸ்திரி கையில சேத்துடுன்னாரு” என்றார்.

இடுப்பிலிருந்து என் கத்தியை எடுத்தார். அண்ணாத்தே துண்டை விரித்தே வைத்திருந்தார். அவர் துண்டின் பக்கம் போகவில்லை. என் முன்னால் வந்து நின்றார். என் வலது கையைத் தன் இடது கையால் பிடித்து நிமிர்த்தி, உள்ளங்கையில் கத்தியை வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கினார்.

“டேய், டேய்! கையில குடுக்காதப்பா! துண்டுல வை, துண்டுல வை!” அண்ணாத்தே எழுந்தே விட்டார்.

“பரவால்ல அண்ணாத்தே” என்றார் அவர். “தெரிஞ்சிதான் குடுத்தேன்.”

தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள அவரும் குனியவில்லை, நானும் குனியவில்லை. அத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் கை என் கையில் பட்டது அந்த ஒரு தடவைதான். குத்தூசி பிடித்துப் பிடித்துக் காய்த்த கை. சூடாக இருந்தது.

“கொய்யா கீது, தின்னுட்டுப் போ” என்று அண்ணாத்தே கூப்பிட்டார். “ஊட்ல வேல கீது அண்ணாத்தே” என்று சொல்லிவிட்டு வந்த வழியே நடந்தார். அப்புறம் அவர் தொட்டியடிக்கு வரவே இல்லை.

பாயிண்ட்ஸ்மேன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். தன் கத்தியைச் சங்கிலியோடு என் காலடியில் வைத்தான். “ஒத்துக்கறேன் மச்சான்” என்றான். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு வரவில்லை, எடுத்தும் கொண்டேன். ஒரு மாதம் கழித்து அவனிடமே கொடுத்துவிட்டேன், பெருந்தன்மை மாதிரி. அண்ணாத்தேவுக்கு மட்டும் எப்படியோ விஷயம் எட்டியது என்று நினைக்கிறேன். அவர் துண்டு விரிப்பதை நிறுத்திவிட்டார்.

சேணக்காரரை அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை பார்த்தேன். சண்டை முடிந்த பிறகு, திருநின்றவூர் ஏரிக்கரையில், ஒரு செங்கல் சூளையில் மண் சுமந்துகொண்டிருந்தார். நாலாவது குழந்தை என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. நான் சைக்கிளில் இருந்தேன். மிதித்துவிட்டேன். எனக்கு இருந்தது வாய் ஒன்றுதான் என்று சொன்னேனே, கேட்டிலும் சரி, ஏரிக்கரையிலும் சரி, வேண்டிய நேரத்தில் அது திறக்கவில்லை.

அன்று தொட்டியடியிலிருந்து வீட்டுக்கு வந்து கத்தியைத் திறந்தேன். டக்கென்ற சத்தம் கேட்கவில்லை. கீலில் எண்ணெய் விட்டிருந்தார், வெண்ணெயில் இறங்குவது போல மெதுவாகத் திறந்தது. பித்தளைத் தகட்டில் இருந்த பச்சைக் களிம்பெல்லாம் துடைத்து எடுத்திருந்தார். பெரிய அலகை மட்டுமல்ல, நான் தொடவே தொடாத சின்ன அலகையும் தீட்டியிருந்தார். வேலை போன அந்த ஐந்து நாளில், வீட்டில் உலை ஏறாத ஏதோ ஒரு நேரத்தில், கல்லையும் தோல்வாரையும் எடுத்து வைத்துக்கொண்டு அதைச் செய்திருக்கிறார். வாங்கின கத்தியை வாங்கினதைவிடக் கூர்மையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கட்டுப்பாடு. கைக்குக் கை கொடுத்து ஒரு கட்டுப்பாட்டைத் தெரிந்தே மீறினவர், இன்னொன்றைக் கடைசி வரை மீறவில்லை. அவர் வாங்கவும் இல்லையே, நான்தானே பையில் போட்டேன்.

அலகை முன்கையில் லேசாக வைத்தேன். மயிர் தானாக உதிர்ந்தது.

போன மாதம் என் மருமகன் பீரோவில் ஏதோ தேடும்போது அதைப் பார்த்துவிட்டு, “ஏது மாமா இது?” என்று கேட்டார். “ஒரு துரை இதால ஆரஞ்சு உரிச்சாரு” என்று என் வாய் சொன்னது. மருமகன் ஆச்சரியமாகத் திறந்து, விரலை அலகில் வைக்கப் போனார். பிடுங்கிக்கொண்டேன். அதன் பதம் இன்னும் அப்படியே இருக்கிறது. தொட்டியடியில் கையில் வாங்கின நாளிலிருந்து அதை வைத்து நான் ஒரு கொய்யாப்பழம்கூட வெட்டவில்லை.